பீங்கான் மண்: தேர்வு முதல் சூளை வரை — அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்மண்ணிலும், அதிக வெப்பத்தில் கல்போல் இறுகும் ஸ்டோன்வேர் மண்ணிலும் கை பழகியவர்கள் முதன்முதலாகப் பீங்கான் மண்ணைச் சக்கரத்தில் வைத்ததும் ஏறக்குறைய ஒரே புகார்களோடுதான் வருகிறார்கள். சரிந்துவிட்டது, கோணிவிட்டது, பிளந்துவிட்டது, சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது. பொல்லாத மண் என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. பீங்கான் மண் செய்கிற ஒவ்வொரு சேட்டைக்கும் காரணம் உண்டு. பெரும்பாலும் அந்தக் காரணம் சூளைக்குப் போவதற்குச் சில நாட்களுக்கு முன்பே நம் கையில் நடந்து முடிந்திருக்கும்.

மற்ற மண் ஒழுங்காக நடந்துகொள்ளும்போது இது மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது?

இதில் களிமண் பாதிதான் என்பதால். வழக்கமான உயர்வெப்பப் பீங்கான் கலவையில் சுமார் 50 சதவீதம் கயோலின் என்ற வெண்களிமண், 25 சதவீதம் ஃபெல்ட்ஸ்பார், 25 சதவீதம் குவார்ட்ஸ் இருக்கும். பின்னிரண்டும் பொடித்த கல். ஈரத்தில் குழையும் குணம் அவற்றுக்குக் கிடையாது. மீதிப் பாதியான கயோலினும் பெரிய குழைவுள்ள மண் அல்ல. பெரும்பாலான வெண் கயோலின், தாய்ப்பாறை சிதைந்த இடத்திலேயே கிடப்பது. ஆற்று நீரில் அடித்துவரப்பட்டு அரைபடாததால் அதன் துகள்கள் ஒப்பீட்டளவில் பெரியவை. செம்மண் அப்படியல்ல, வரும் வழியெல்லாம் நுணுகி, இரும்பையும் மக்கிய பொருளையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. குழைவும் நிறமும் அதற்குச் சேர்ந்தே கிடைக்கின்றன.

குழைவைக் கூட்ட மண் தயாரிப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. பால் கிளே எனப்படும் நுண்துகள் களிமண்ணைச் சேர்க்கலாம். ஆனால் அதிலுள்ள இரும்பும் டைட்டானியமும் வெண்மையைச் சாம்பல் பக்கமோ மஞ்சள் பக்கமோ இழுத்துவிடும், ஒளி ஊடுருவுவதும் குறையும். அல்லது பென்டோனைட் என்ற மிகக் குழைவான களிமண்ணைச் சேர்க்கலாம். ஓரிரு சதவீதத்திலேயே நல்ல பலன் தரும். கொஞ்சம் கூடினாலும் மண் பிசுபிசுக்கும், நீரை அதிகம் பிடித்துவைக்கும், காயும்போது அதிகம் சுருங்கும். ஆகவே ‘மிக வெண்மை, கண்ணாடிபோல் ஒளிவிடும், வனையவும் எளிது’ என்று மூன்றையும் ஒரே பையில் எழுதி விற்றால் நம்பாதீர்கள். மூன்றில் ஒன்று எங்காவது விட்டுக்கொடுக்கப்பட்டிருக்கும்.

எனக்குப் பீங்கான் மண் உண்மையிலேயே தேவையா?

இந்தக் கேள்வியை வாங்குவதற்கு முன் கேட்பவர்கள் குறைவு. பீங்கான் மண் மட்டுமே தரக்கூடியவை சில: மெல்லிய சுவரின் வழியே ஒளி கசிவது, வெளிர் நிற மெருகுகளுக்கு (சுடும்போது கண்ணாடிபோல் உருகும் மேற்பூச்சு) அடியில் கறையற்ற வெண்தளம், சொரசொரப்பே இல்லாத மேற்பரப்பு. இவற்றில் ஒன்றாவது உங்கள் வேலைக்கு வேண்டுமானால் அதன் பிடிவாதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். கறுப்பு அல்லது அடர்பழுப்பு மெருகை முழுதும் பூசப்போகிறீர்கள், சுவரும் 5 மில்லிமீட்டர் கனம் இருக்கப்போகிறது என்றால், வெள்ளை ஸ்டோன்வேரே போதும். ஒளி கசிய வேண்டுமானால் சுவர் ஏறக்குறைய 2 அல்லது 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், மண்ணும் முழுமையாக இறுகச் சுடப்பட்டிருக்க வேண்டும். கனமான பீங்கான் கோப்பை விளக்கின் முன் பிடித்தாலும் வெறும் வெள்ளைக் கோப்பைதான்.

பையின் விவரக்குறிப்பில் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் சுடுவெப்பம். இதைக் கோன் எண்ணால் குறிப்பார்கள்; கோன் என்பது சூளைக்குள் வைக்கும், குறித்த வெப்பத்தில் வளையும் சிறு கூம்பு. கோன் 6 என்றால் ஏறக்குறைய 1220–1240 டிகிரி செல்சியஸ். கோன் 10 என்றால் ஏறக்குறைய 1285–1305. உங்கள் சூளை எட்டாத வெப்பத்துக்கான மண்ணை ‘கொஞ்சம் குறைத்துச் சுட்டுக்கொள்ளலாம்’ என்று வாங்கினால், வெள்ளையாகத் தோன்றும், ஆனால் நீர் உறிஞ்சும் பாத்திரம்தான் கிடைக்கும். கோன் 6 பீங்கானில் உருக்கிப் பொருள் அதிகம். பெரும்பாலும் நெஃபலின் சயனைட் என்ற, எளிதில் உருகும் பாறைப்பொடி சேர்ந்திருக்கும். அது சூளையில் சற்று அதிகமாகவே இளகும் என்பதை மனத்தில் வையுங்கள்.

அடுத்து மொத்தச் சுருக்கம். ஈரநிலையிலிருந்து சுட்ட நிலை வரை 12 முதல் 15 சதவீதம் பீங்கானுக்குச் சாதாரணம். 13 சதவீதம் சுருங்கும் மண்ணில் 10 சென்டிமீட்டர் கிண்ணம் வேண்டுமானால் 10-ஐ 0.87-ஆல் வகுக்க வேண்டும், ஈரத்தில் 11.5 சென்டிமீட்டர் வனைய வேண்டும். பலர் 13 சதவீதத்தைக் கூட்டி 11.3 என்று வைத்துக்கொள்கிறார்கள். கோப்பையில் இது தெரியாது, மூடியும் ஜாடியும் தனித்தனியாகச் செய்யும்போது தெரியும்.

மூன்றாவது நீர் உறிஞ்சும் அளவு. நன்கு இறுகிய பீங்கானில் இது 0.5 சதவீதத்துக்குள் இருக்கும். ‘வனைய’ என்றும் ‘வார்க்க’ என்றும் தனித்தனியாக விற்கப்படும் கலவைகளை மாற்றி வாங்கிவிடாதீர்கள். அச்சில் வார்ப்பதற்கான கலவை சக்கரத்தில் ஒத்துழைக்காது.

விவரக்குறிப்பை நம்பலாமா, நானே சோதிக்க வேண்டுமா?

சோதியுங்கள். உங்கள் சூளையும் தயாரிப்பாளர் சோதித்த சூளையும் ஒன்றல்ல. ஒரு பையை மட்டும் வாங்கி, 1 சென்டிமீட்டர் கனமுள்ள பட்டைகள் சில வெட்டி, ஒவ்வொன்றிலும் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு கீறிவிடுங்கள். சுட்டபின் கோடு 8.7 என்றால் சுருக்கம் 13 சதவீதம்.

உறிஞ்சும் அளவுக்கு, மெருகில்லாமல் சுட்ட ஒரு துண்டை உலர்வாக எடை போட்டு, ஐந்து மணி நேரம் கொதிக்கவிட்டு, ஒருநாள் அதே நீரில் ஊறவிட்டு, மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றி மீண்டும் எடை போட வேண்டும். 200 கிராம் துண்டு 201 கிராம் ஆனால் 0.5 சதவீதம்.

யாரும் செய்யாத, ஆனால் எனக்கு மிகப் பிடித்த சோதனை வளைவுச் சோதனை. ஒரு மெல்லிய பட்டையை இரண்டு முட்டுக்கட்டைகளின் மேல் பாலம்போல் வைத்து உச்சவெப்பத்துக்குச் சுடுங்கள். நடுவில் எவ்வளவு தொங்குகிறதோ அவ்வளவு உங்கள் அகலத் தட்டின் விளிம்பும் தொங்கும். அடிவிட்டம் சிறுத்து வாய் அகன்ற கிண்ணம் அந்த மண்ணில் நிற்குமா என்பதை இந்த ஒரு பட்டையே சொல்லிவிடும்.

பையைத் திறந்தால் மண் கல்லாக இருக்கிறது. பிசைந்தால் கூழாகிவிடுகிறது. மண் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அசையாமல் கிடந்தால் இறுகுவதும் அசைத்தால் இளகுவதும் இந்த வகைக் கலவைகளின் இயல்பு. முதலில் மேசையில் அறைந்து, பிசைந்து பாருங்கள். உண்மையில் நீர் குறைவா, வெறும் இறுக்கமா என்று பத்துப் பிசைவுகளில் தெரிந்துவிடும்.

நீர் குறைவுதான் என்றால், பைக்குள் அரைக் குவளை நீர் ஊற்றி, காற்றை வெளியேற்றிக் கட்டி, நீர் நிறைந்த வாளிக்குள் பையை ஒருநாள் அமிழ்த்தி வையுங்கள். வெளிநீரின் அழுத்தம் பைக்குள் இருக்கும் நீரை மண்மேல் எல்லாப் பக்கமும் பரப்பிவிடும். மண்ணில் குச்சியால் துளை போட்டு நீர் ஊற்றும் பழைய வழக்கத்தில் பாதி சகதியும் பாதி கட்டியும்தான் மிஞ்சும்.

பல மாதம் கிடந்த மண் தொட்டாலே இளகிப்போகிறது என்றால் அது வேறு. ஃபெல்ட்ஸ்பாரிலிருந்தும் நெஃபலின் சயனைட்டிலிருந்தும் சிறிது சோடியம் நீரில் கரைந்து, துகள்களை ஒன்றையொன்று தள்ளச் செய்கிறது. இதற்கு மருந்து எப்சம் உப்பு. உலர்மண் எடையில் 0.1 முதல் 0.2 சதவீதம் வரை, நீரில் கரைத்துப் பிசைந்து சேர்த்தால் மண் மறுபடி நிமிரும். கொஞ்சம் வினிகரும் இதே வேலையைச் செய்யும்.

வனையும்போது பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறதே?

நீரைக் குறையுங்கள். ஸ்டோன்வேர் பழக்கத்தில் ஒவ்வொரு இழுப்புக்கும் பஞ்சை நனைத்தால், பீங்கான் அந்த நீரையெல்லாம் குடித்துவிட்டுச் சாய்ந்துவிடும். விரலில் வழவழப்புக்கு, வனையும்போது கையில் சேரும் மண்குழம்பையே பயன்படுத்தலாம். மையப்படுத்த ஒன்று, திறக்க ஒன்று, இழுக்க மூன்று என்று அசைவுகளை எண்ணிச் செய்தால் நல்லது. ‘இன்னும் கொஞ்சம்’ என்று நான்காவது முறை இழுக்கும்போதுதான் இடுப்பு மடங்கும்.

மெல்லிய சுவரை ஈரத்திலேயே எடுத்துவிட முயல வேண்டாம். அடிப்பகுதியைத் தடிப்பாக விட்டு, மண் அரை உலர்வுக்கு வந்தபின் சீவி மெலிதாக்குவதே பீங்கானில் வழக்கம். சீவத் தோதான பதம் எது என்றால், சீவும் கருவியிலிருந்து மண் நீண்ட சுருளாக, ஒட்டாமல் கழன்று விழ வேண்டும். கருவியில் அப்பினால் ஈரம் அதிகம். பொடியாக உதிர்ந்தால் நேரம் தவறிவிட்டது. இந்தப் பதம் ஸ்டோன்வேரில் அரைநாள் நிற்கும். பீங்கானில் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் போய்விடலாம், ஆகவே வனைந்ததைப் பிளாஸ்டிக்கால் மூடாமல் அறையைவிட்டுப் போகாதீர்கள்.

வட்டமாக வனைந்த கிண்ணம் சூளையிலிருந்து நீள்வட்டமாக வருகிறது. சூளையில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. கயோலின் துகள்கள் தட்டையானவை. ஈரத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் சீட்டுக்கட்டைப்போல. நீங்கள் தரும் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அவை ஒரு திசையில் அடுக்கிக்கொள்கின்றன. சக்கரத்திலிருந்து கிண்ணத்தை இரு கையால் தூக்கும்போது விளிம்பு சற்று நசுங்குகிறது. உடனே விரலால் வட்டமாக்கிவிடுகிறீர்கள். கண்ணுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. துகள்களின் அடுக்கு மட்டும் நசுங்கியபடியே நிற்கிறது. காயும்போதும் சுடும்போதும் சுருக்கம் அந்த அடுக்கின் வழியே நடப்பதால் பழைய நசுங்கல் திரும்பி வருகிறது. குயவர்கள் இதை மண்ணின் ஞாபகம் என்கிறார்கள்.

ஆகவே ஈரப் பாத்திரத்தைக் கையால் தூக்காமல், சக்கரத்தின் மேல் பொருத்தும் பலகையிலேயே வனைந்து பலகையோடு எடுங்கள். தகடாகப் பரப்பிய மண்ணை ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்து மொத்தமாகப் புரட்ட வேண்டும். தகட்டை உருளையால் ஒரே பக்கமாக உருட்டாமல் திசை மாற்றி உருட்டுவதும் இதற்காகத்தான்.

தேநீர்க் கெண்டியின் மூக்கில் இந்த ஞாபகத்தை வெளிப்படையாகவே பார்க்கலாம். சக்கரத்தில் வனைந்த மூக்கில் சுழற்சி முறுக்கு தங்கியிருக்கும். சூளையில் அது சற்றுத் திரும்பும். வாயை நேராக வெட்டி ஒட்டினால் சுட்டபின் சாய்ந்து நிற்கும். அனுபவசாலிகள் அந்தத் திருப்பத்தைக் கணக்கில் வைத்து, முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்வாக வெட்டிவிடுகிறார்கள். எவ்வளவு சாய்வு என்பது மண்ணுக்கு மண் மாறும்.

சூளையும் தன் பங்குக்குக் கோணலாக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. உச்சவெப்பத்தில் பீங்கான் ஓரளவு இளகிய நிலையில்தான் நிற்கிறது. சூளைத் தட்டு சமமாக இல்லாவிட்டால் பாத்திரமும் அந்த மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளையும். கனத்த கைப்பிடி தன் பக்கமாக விளிம்பை இழுக்கும். மூடியுள்ள ஜாடியை மூடியோடு சேர்த்தே சுட வேண்டும்; இரண்டும் சேர்ந்து கோணினால் பரவாயில்லை, பொருந்தும். தொடும் இடங்களில் மெருகு இருக்கக் கூடாது, எளிதில் உருகாத வெண்பொடியான அலுமினா கலந்த மெழுகு தடவ வேண்டும்.

பாத்திரத்தின் அடியில் ஆங்கில ‘எஸ்’ எழுத்தின் வடிவில் விரிசல் விழுகிறது. எப்போது விழுகிறது?

காயும்போது. சூளையில் அது அகலமாகி உங்கள் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். சுவரை இழுக்கும்போது மண் அழுந்தி இறுகுகிறது. அடித்தளத்தின் நடுப்பகுதிக்கு அந்த அழுத்தம் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, வனையும்போது தேங்கிய நீரும் அங்கேதான் நிற்கிறது. விளிம்பு காய்ந்து சுருங்கி முடித்தபின் அடிநடு மட்டும் தாமதமாகச் சுருங்கப் பார்க்கிறது, சுற்றியுள்ளது விடுவதில்லை. நடுவில் பிளக்கிறது.

சக்கரத்தில் மண்ணின் நடுவைத் திறந்த உடனே அடித்தளத்தை விரல்நுனியாலோ தேய்ப்புக் கட்டையாலோ நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து நடுவுக்கும் பலமுறை அழுத்துங்கள். தேங்கும் நீரைப் பஞ்சால் ஒற்றிவிடுங்கள். அடிக்கனமும் சுவர்க்கனமும் ஏறக்குறைய ஒன்றாக வரும்படி சீவுங்கள். விளிம்பு கைதாங்கும் அளவுக்கு இறுகியதும் கவிழ்த்துவிடுங்கள்.

விரிசல் எப்போது விழுந்தது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மெருகு பூசிச் சுட்ட பாத்திரத்தில் விரிசலின் ஓரம் உருண்டு, மெருகு உள்ளே வழிந்திருந்தால், மெருகு உருகுவதற்கு முன்பே விரிசல் இருந்திருக்கிறது. ஓரம் கத்திபோல் கூர்மையாக இருந்தால் மெருகு இறுகியபின், குளிரும்போது பிளந்தது. முதல் வகைக்குச் சக்கரத்தையும் உலர்த்துவதையும் திருத்துங்கள். இரண்டாவதற்குச் சூளையைக் குளிர்விக்கும் வேகத்தையும், உள்ளே வெளியே மெருகின் கனத்தையும் பாருங்கள்.

கைப்பிடி ஒட்டிய இடம் மட்டும் பிளக்கிறது.

இரண்டு பாகமும் ஒரே ஈரத்தில் இல்லை. பீங்கானில் இரண்டும் ஸ்டோன்வேரில் ஒட்டுவதைவிடச் சற்று ஈரமாகவே இருக்கும்போது ஒட்டுங்கள். இரு பக்கமும் கீறி, அதே மண்ணின் குழம்பை வினிகர் சில துளி விட்டுத் தடவுங்கள். பிறகு முழுவதையும் இறுக்கமாக மூடி ஒருநாள் விட்டால் ஈரம் சமமாகும்; அதன்பின் மெல்லத் திறக்கலாம். கைப்பிடி எப்போதும் முந்திக்கொண்டு காய்வதால் அதன்மேல் மெழுகு தடவுவது உண்டு. காகிதக் கூழ் கலந்த பீங்கான் குழம்பு ஒட்டுவதற்கு இன்னும் தோதானது; அதன் இழைகள் விரிசல் ஓடுவதைத் தடுக்கும்.

சுடும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

மெருகு பூசுவதற்கு முன் செய்யும் முதல் சுடுதல் 1000 முதல் 1060 டிகிரி வரை. நீராவி வெளியேறும் 100 டிகிரிப் பகுதியிலும், குவார்ட்ஸ் சட்டென்று விரியும் 573 டிகிரியை ஒட்டியும் அவசரம் வேண்டாம். காய்ந்த, இன்னும் சுடாத பீங்கான் அப்பளம்போல் நொறுங்கும். விளிம்பைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கைகொடுத்து எடுங்கள்.

மெருகு பூசியபின் செய்யும் இரண்டாவது சுடுதலில் சூளைத் தட்டோடு ஒட்டுவதுதான் பெரிய தொல்லை. மெருகே இல்லாத அடிவளையம்கூட இளகி ஒட்டி, எடுக்கும்போது சிறு சில்லுகளைத் தட்டில் விட்டுவிட்டு வரும். அடிவளையத்தில் தடவும் மெழுகில் அலுமினா ஹைட்ரேட் கலந்துகொள்ளுங்கள், அல்லது தட்டின் மேல் அதை மெல்லிதாகத் தூவுங்கள். சாதாரணத் தட்டுப் பூச்சில் உள்ள சிலிக்கா பீங்கானோடு சேர்ந்துகொள்ளப் பார்க்கும். அலுமினா அவ்வளவு எளிதில் சேராது.

கட்டுப்பாட்டுக் கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் சூளையின் ஒவ்வொரு தட்டிலும் கோன் வையுங்கள். உச்சத்தில் 10 டிகிரி கூடினாலும் ஸ்டோன்வேர் மன்னித்துவிடும். பீங்கான் தட்டின் விளிம்பு தொங்கிவிடும், இன்னும் கூடினால் மேற்பரப்பில் கொப்புளம் எழும்.

ஸ்டோன்வேரில் பயன்படுத்தும் மெருகு இதற்கும் பொருந்துமா?

பூசலாம், அதே நிறத்தை எதிர்பார்க்க வேண்டாம். மண்ணிலிருந்து இரும்பு கிடைக்காததால் பழுப்புச் சாயல் போய் நிறம் தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் தெரியும். மண்ணும் மெருகும் சூட்டில் விரியும் அளவு ஒத்துப்போகாவிட்டால் மெருகில் மயிரிழை வெடிப்புகள் வரும். ஒரு வில்லையைப் பூசிச் சுட்டு, சில வாரம் வைத்துப் பார்த்தபின் தட்டுகளுக்குப் பூசுங்கள். வெடிப்பு தாமதமாகவும் தொடங்கும்.

போன் சைனா என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. போன் சைனாவில் ஏறக்குறைய பாதி, எரித்த மாட்டெலும்பின் சாம்பல். ஐரோப்பாவில் கடினப் பீங்கானின் ரகசியம் ஜெர்மனியில் யோஹான் ஃபிரெட்ரிக் பெட்கரும் சிர்ன்ஹவுஸும் செய்த சோதனைகளில் 1708 வாக்கில் பிடிபட்டு, 1710-இல் மைசன் நகரில் தொழிற்சாலையானது. இங்கிலாந்தில் போன் சைனா நிலைபெற்றது அந்த நூற்றாண்டின் இறுதியில்தான். அதற்குக் குழைவு மிகக் குறைவு. வனைய நினைத்து வாங்கினால் வருந்துவீர்கள். பெரும்பாலும் அச்சில் வார்க்கவே அது சரிப்படும்.

ஒரே மேசையில் செம்மண்ணும் பீங்கானும் வைத்து வேலை செய்யலாமா?

வேண்டாம். ஒரு நகக்கண் செம்மண் போதும், வெண்கிண்ணத்தில் பழுப்புப் புள்ளியாக எழுந்து நிற்கும். பஞ்சு, அறுப்புக் கம்பி, பிளாஸ்டர் பலகை மூன்றையும் பீங்கானுக்கென்று தனியாக வையுங்கள். துருப்பிடித்த கருவி அருகிலேயே வரக் கூடாது.

காய்ந்த பாத்திரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கலாமா?

உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசியில் நுண்ணிய சிலிக்கா இருக்கிறது. தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலில் சிலிகோசிஸ் வரும், வந்தபின் அதற்கு முழுமையான சிகிச்சை இல்லை. அரை உலர்விலேயே ஈரப்பஞ்சால் மழமழப்பாக்கிவிடுங்கள். சுட்டபின் அடிவளையத்தைத் தேய்க்க வேண்டுமானால் ஈர உப்புத்தாளை நீரில் நனைத்தபடி தேய்க்கலாம். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். உலர்மண் கொட்டிக் கலக்கும் நாளில் நுண்தூசி தடுக்கும் முகமூடி கட்டாயம்.

சீவிய மண்ணைத் திரும்பப் பயன்படுத்த முடியுமா?

தாராளமாக. ஆனால் அரை ஈரமாக இருப்பதை நீரில் போடாதீர்கள். அது கட்டியாகவே கிடக்கும். எலும்புபோல் காயவிட்டு நீரில் போட்டால் தானே உதிர்ந்து குழம்பாகும். மேல் தெளிந்த நீரைச் சோடியத்தோடு சேர்த்து மெல்ல வடித்துவிட்டு, குழம்பைப் பிளாஸ்டர் பலகையில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, அடியிலிருந்து தானே கழன்று வரும்போது புரட்டிப்போடுங்கள். வனையும்போது நுண்துகள்கள் குழம்போடு போய்விடுவதால், சக்கரத் தொட்டியில் சேரும் குழம்பையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்; சீவல் மட்டும் போட்டால் குழைவு குறையும். பிசைந்து, காற்றுப் புகாமல் கட்டி, சில மாதம் நிழலில் விட்டுவிடுங்கள். திறக்கும்போது லேசான நாற்றமும் மேலே கருமையும் இருந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் கருமை சூளையில் எரிந்துபோகும்.